ஐந்தாவது மார்பு

துணிக்கடை வாசல்களில் தலையில்லாமல், கையில்லாமல், இடுப்பில் விலைச்சீட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும் பொம்மைகளை யாராவது செய்யத்தானே வேண்டும்? சின்னவள் செய்கிறாள். பதினொரு வருடமாகச் செய்கிறாள். அச்சுக்குள் கண்ணாடி இழையைப் பரப்பி, பிசினைத் தடவி, காய்ந்ததும் அச்சைப் பிரித்து, உப்புத்தாளால் தேய்த்து, தூசிக்குத் தும்மி, மறுபடி தேய்த்து வெளியே அனுப்புகிறாள். பெண் பொம்மைக்கு உலகத்தில் எந்தப் பெண்ணுக்கும் வாய்க்காத இடுப்பு. ஆண் பொம்மைக்கு அந்தக் கடைக்குள் நுழையும் எந்த ஆணுக்கும் இல்லாத மார்பு. அவற்றை முறைத்துப் பார்ப்பதற்கும் சேர்த்துத்தான் சம்பளம் என்று பட்டறையில் சொல்லிச் சிரிப்பார்கள்.

சின்னவள் என்பது வீட்டுப் பெயர். பெரியவள் ஒருத்தி இருந்தாள். ஏழு வருடத்துக்கு முன்னால், முப்பத்தைந்தாவது வயதில், மார்பில் வந்த புற்றுநோய் அவளைக் கொண்டுபோய்விட்டது. சின்னவளுக்கு இப்போது முப்பத்து நான்கு. அடுத்த வருடம் அக்காவின் வயதைத் தொடுவாள். அந்தக் கணக்கு தூங்கி எழும்போதெல்லாம் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தது. பயந்து பயந்து சாவதைவிடப் பார்த்தே விடலாம் என்று போய் ரத்தம் கொடுத்தாள். இருக்கிறது என்று வந்தது. பரம்பரையாக இறங்கும் மரபணுக் கோளாறு, நோய் வர நூற்றுக்கு எழுபது வாய்ப்பு என்றார் மரபணு ஆலோசகர். நல்ல மனுஷி, முகத்தைச் சுளிக்காமல் சொன்னார். வருமுன்னே மார்பை எடுத்துவிடலாம், இல்லையென்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை படம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அவசரமில்லை, யோசியுங்கள் என்றார்.

யோசிக்க எங்கே விட்டார்கள்? வெட்டி எறி என்றது ஒரு கூட்டம். கை வைக்காதே என்றது இன்னொரு கூட்டம். வெறும் வயிற்றில் ஏதோ இலைச்சாறு குடித்தால் எல்லாம் கரைந்துவிடும் என்றார் பட்டறைக்குப் பிசின் கொண்டுவரும் வண்டிக்காரர். எல்லாரும் அவள் உடம்புக்கு வாரிசு போலவே பேசினார்கள்.

ஆத்திரம் பொங்கியது ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறையில்தான். மார்புப் புற்றுநோய் பற்றிய சுவரொட்டி ஒன்று அங்கே தொங்கியது. மார்பைத் தவிர எல்லாம் அதில் இருந்தது. பாதி விரிந்த ஒரு பூ, பனித்துளி, ஒரு பெண்ணின் புன்னகை.

"பூவுக்கா புத்துநோய் வருது?" என்றாள் சின்னவள் சத்தமாக. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டாள்.

அன்றைக்கே முடிவு செய்தாள். பூவும் வேண்டாம், பொம்மையும் வேண்டாம். நிஜ மார்புகளை அச்செடுத்து, பெயர்ச்சீட்டு ஒட்டி, ஊரார் கண்ணெதிரே வரிசையாக நிறுத்துவது. மூடிமூடி வைத்துத்தான் பெரியவள் மூன்று மாதம் கட்டியை யாரிடமும் சொல்லாமல் இருந்தாள். இனி இந்தக் குடும்பத்தில் எதையும் மூடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறையைப் பயன்படுத்திக்கொள் என்றார் முதலாளி. பழைய அச்சகம் ஒன்றைக் கண்காட்சிக் கூடமாக மாற்றி நடத்தும் சுருட்டைமுடிக்காரி, சின்னவள் கொண்டுபோன பொம்மைப் படங்களைப் பார்த்து, யோசனையையும் கேட்டுவிட்டு மூன்று வாரம் இடம் தருகிறேன் என்றாள்.

முதலில் சித்தி வந்தாள், அம்மாவின் தங்கை. மார்பு முழுக்க வாஸ்லின் தடவி, கை எலும்பு முறிந்தால் போடுவார்களே அந்த மாவுக்கட்டுத் துணியை வெந்நீரில் நனைத்து, பட்டை பட்டையாக ஒட்டினாள் சின்னவள். காயக்காய மாவு சூடேறும். கால்மணி நேரம் அசையக்கூடாது. சித்தியால் கால் நிமிடம் சும்மா இருக்க முடியாது.

"கொஞ்சம் தூக்கிவச்சு எடுடீ. நாலு பேர் பார்க்கறதாச்சே."

"இருக்கறதுதான் சித்தி வரும்."

"அப்ப இருபது வருஷத்துக்கு முன்னாடியே கூப்பிட்டிருக்கணும் நீ."

பெரியவளுக்கு உடம்பு இல்லை. அவளுடைய நீலச் சட்டை ஒன்று இருந்தது. அதைப் பிசினில் தோய்த்து, நிற்கிற மாதிரி காயவைத்தாள். உள்ளே ஆளில்லாமல் சட்டை தானாக நின்றது. அதைத் தேய்க்க உப்புத்தாளை எடுத்தவள் தேய்க்காமல் வைத்துவிட்டாள். தன் மார்பைத் தானே அச்செடுப்பது ஆகாத காரியம், அதற்குப் பட்டறைப் பெண்கள் இருவர் கைகொடுத்தார்கள். அவளுக்கான சீட்டு முதலிலேயே தயாராகிவிட்டது: 'சின்னவள், வயது 34. என்ன செய்வதென்று இன்னும் முடிவு செய்யவில்லை. அறிவுரை வேண்டாம்.'

கடைசியாக அம்மா. சட்டையைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"என்னை முதல்ல வை," என்றாள். "என்கிட்ட இருந்துதானே ஆரம்பிச்சுது."

இந்தச் சொல் அம்மாவுடையது இல்லை. அத்தையுடையது. பெரியவளை எடுத்துப்போன அன்று, அறுபது பேர் கூடியிருந்த வீட்டில், அப்பாவின் அக்கா அம்மாவைப் பார்த்து விரலை நீட்டினாள். "எங்க வம்சத்துல யாருக்கும் இது கிடையாது. உன் ரத்தம்தான் என் தம்பி பிள்ளையைத் தின்னுடுச்சு." யாரும் மறுத்துப் பேசவில்லை. அப்பாவும் பேசவில்லை. அவர் பேருந்து நடத்துனராக இருந்தவர். குரல் முழுவதையும் வண்டியிலேயே செலவழித்துவிட்டு, வீட்டுக்கு வெறும் ஆளாக வருவார். அதிலும் அக்காள் எதிரில் அவருக்கு நாக்கே இருக்காது. அம்மா அந்தப் பழியைத் தலையில் வாங்கிக்கொண்டாள். ஏழு வருடமாகச் சுமக்கிறாள்.

நான்கும் தயாரான பிறகு ஆலோசகர் கூப்பிட்டனுப்பினார். எந்த வழியில் வந்தது என்று உறுதியாகத் தெரிந்தால் அந்தப் பக்கத்துச் சொந்தங்களையும் எச்சரிக்கலாம், அம்மா ரத்தம் கொடுக்கட்டும் என்றார். "அதான் தெரிஞ்ச கதையாச்சே," என்று சொல்லிக்கொண்டே அம்மா கையை நீட்டினாள். ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது.

அம்மாவிடம் அது இல்லை.

"சரியா பாருங்கம்மா, வேற யாரோடதாவது மாறியிருக்கும்," என்றாள் அம்மா. பாவம், குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்கச் சொன்னாலும் இறங்கத் தெரியவில்லை.

"மாறல. ரெண்டு தடவை பார்த்துட்டோம். இது அப்பாகிட்ட இருந்தும் வரும். பிள்ளைங்களுக்குப் பாதிக்குப் பாதி. ஆம்பளைங்க பல பேருக்கு அவங்ககிட்ட இருக்கறதே தெரியாது. அவங்களுக்கும் சில புத்துநோய் வர வாய்ப்பு உண்டு. பொம்பளைங்களுக்கு மார்புல மட்டுமில்ல, சினைப்பையிலயும் வரலாம். முதல் நாளே நான் அப்பா பக்கத்தைக் கேட்டேனே?"

கேட்டார்தான். அப்பா பக்கம் எல்லாரும் கல்லு மாதிரி என்று அம்மாவும் மகளும் ஒரே குரலில் சொன்னார்கள். அப்பாவின் தங்கை, சின்ன அத்தை, நாற்பது வயதில் போனாளே? அது வயிற்றுப்புண். அப்படித்தான் அத்தை சொல்லியிருந்தாள். பெண்ணுக்கு வரும் நோய் பெண்ணிடமிருந்துதான் வரும் என்று இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? யாரும் இல்லை. அச்செடுத்ததுபோல் எல்லார் மனதிலும் அதுவே பதிந்திருந்தது. உடம்புகளை அச்சு எடுத்தே பிழைக்கும் சின்னவளும் அதே தப்பைச் செய்து, அம்மாவை முதல் ஆளாக நிறுத்தியிருந்தாள். நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பு கூசியது.

ஆஸ்பத்திரி நடைவழியில் அம்மா ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏழு வருஷமா அவ போட்டோ முன்னாடி நிக்கறப்பல்லாம் மன்னிச்சுக்கடீன்னு சொல்லியிருக்கேன். எதுக்குடீ சொன்னேன்?"

சின்னவள் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அம்மா அழவில்லை. அம்மாவுக்குக் கோபம் வந்திருந்தது.

வீட்டில் அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "தங்கச்சிக்கு வயித்துப்புண்ணு இல்ல. கர்ப்பப்பை பக்கம், சினைப்பையில கட்டி. புத்துநோய். வெளிய சொல்லக்கூடாதுன்னு அக்கா சத்தியம் வாங்கிட்டாங்க."

"தெரிஞ்சும் அன்னைக்குச் சும்மா நின்னீங்களா?" என்றாள் அம்மா.

அதோடு அவரிடம் நேராகப் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். மறுநாளிலிருந்து எல்லாம் மகள் வழியாகத்தான். அவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். "உங்கப்பாகிட்ட சொல்லு, சாப்பாடு ஆறுதுன்னு," என்பாள். அப்பா யாரும் சொல்லாமலே போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். அவரிடம் இருந்தது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தது.

சேதி அத்தைக்குப் போனதும் தொலைபேசி அலறியது. "ஆம்பளை மார்புல என்னடா இருக்கு? ஆஸ்பத்திரிக்காரன் எழுதிக் குடுத்தா நம்பிடுவியா? இந்தப் பேச்சு என் பொண்ணு காதுல விழக்கூடாது, சொல்லிட்டேன். அவளுக்கு ரெண்டு சின்னப் பிள்ளைங்க. பயத்துலயே போயிடுவா." குரல் நடுங்கியது. அத்தைக்கு யார் மேலும் வஞ்சம் இல்லை, பயம்தான் என்று சின்னவளுக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? அத்தை மகளுக்கு முப்பது வயது. அவளுக்கும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பார்த்தால்தானே தெரியும்?

சின்னவள் அவளைக் கூப்பிட்டு நேராகவே சொன்னாள். அவள் பொறுமையாகக் கேட்டாள். "அம்மா சொன்னாங்க, நீ ரொம்ப உடைஞ்சு போயிருக்கேன்னு. அது உங்க அம்மா வழிதானே? எங்க பக்கம்னா மாமா சொல்லியிருப்பாரே," என்றாள். ஆக, மாமா வாயைத் திறக்க வேண்டும். அவர் திறக்காதவரை இந்த வீட்டில் அம்மா கொலைகாரி, அந்த வீட்டில் ஒருத்தி கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கிறாள். கண்காட்சிக்கு இரண்டு வாரம் இருந்தது.

முதலில் அம்மாவின் அச்சை வரிசையிலிருந்து எடுத்துவிடலாம் என்று போனாள் சின்னவள். அம்மா விடவில்லை.

"சீக்கு என்னுது இல்லன்னா பிள்ளைங்களும் என்னுது இல்லையா? அங்கயே இருக்கட்டும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா தானாகவே பட்டறைக்கு வந்தார். யாரும் கூப்பிடவில்லை, கெஞ்சவில்லை. வாசலில் நின்று ஆண் பொம்மைகளை ஒருமுறை பார்த்தார். தன் வயிற்றை ஒருமுறை பார்த்தார். பிறகு சட்டைப் பொத்தான்களை மேலிருந்து கீழாகக் கழற்றினார். எழுபது வயது மார்பு. சரிந்த தோல், நரைத்த முடி, பல வருடம் தோல்பையின் பட்டை அழுத்திய இடத்தில் ஒரு கறுப்புக் கோடு.

"உன் வரிசையில என்னையும் வை," என்றார்.

சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதை மறைக்க வாஸ்லின் டப்பாவைத் தேடுவதுபோல் பாவனை செய்தாள். பாவனையின் பலன் பத்து நிமிடத்தில் தெரிந்தது. பதினொரு வருடத் தொழிலில் அவள் அச்செடுத்தது முழுக்க முடியில்லாத உடம்புகள். இரண்டு மடங்கு வாஸ்லின் போட வேண்டும் என்று தோன்றவே இல்லை. காய்ந்த மாவைப் பிரித்தபோது முடி அதோடு வந்தது. அப்பா போட்ட சத்தத்தில் பக்கத்துப் பட்டறைக்காரர் ஓடிவந்துவிட்டார்.

"உசுரோட உரிக்கிறியே! உனக்கு நான் என்ன பாவம் பண்ணேன்?" என்று கத்தியவர், கேட்ட கேள்வி தனக்கே உறைத்ததும் வாயை மூடிக்கொண்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது யார் என்று தெரியாது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். அப்பாவுக்கு அந்த நீர் சிரிப்பு நின்ற பிறகும் வந்துகொண்டிருந்தது.

கிளம்பும்போது ஒரு நிபந்தனை போட்டார். "சீட்டுல என்னை எழுதாத. 'ஓர் ஆண்'னு மட்டும் போடு."

"பொய் போட மாட்டேன்ப்பா."

"இதுல பொய் எங்க இருக்கு? நான் ஆண்தானே?"

"யாருக்குப் பயப்படறீங்க?"

"தெரிஞ்சுகிட்டே கேக்காதம்மா. உடம்பைக் குடுத்துட்டேன். வாயைக் கேக்காத."

அவருடைய உடம்பு, அவர் சொல்வதுதான் சட்டம். தன் உடம்பைப் பற்றி ஊரே பேசியபோது சின்னவள் கத்தியதும் இதைத்தானே? பல்லைக் கடித்துக்கொண்டு 'ஓர் ஆண்' என்று எழுதினாள். எழுதிய கை எரிந்தது. சீட்டைப் பார்த்த அம்மா, அப்பா காதில் விழும்படி மகளிடம் சொன்னாள்: "நாப்பத்துநாலு வருஷம் யாரோ ஒரு ஆம்பளையோடயா குடும்பம் நடத்தினேன்? முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்ல?"

கண்காட்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் தொடங்கியது. அச்சகத்தின் மைவாடை கூடத்தை விட்டு இன்னும் போகவில்லை. வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஐந்தும் நின்றன: அம்மா, அவள் பக்கத்தில் ஓர் ஆண், நீலச் சட்டை, சின்னவள், சற்றுத் தள்ளிச் சித்தி. நாற்பது பேர் வந்திருந்தார்கள். முதலாளி ஒவ்வொன்றின் விளிம்பையும் தடவிப் பார்த்து, "ஒட்டு தெரியவே இல்ல," என்று தொழில் பாராட்டுச் சொன்னார். சித்தி தன் அச்சுக்குப் பக்கத்தில் நின்று வருகிறவர்களிடம் அது தான்தான் என்று அறிமுகம் செய்துகொண்டிருந்தாள். தெரியாத ஒரு பெண் நீலச் சட்டைக்கு முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, சின்னவளிடம் வந்து தனக்கும் அப்படி ஒரு அக்கா உண்டு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகு அத்தை வந்தாள், மகளோடு. குடும்பப் பெயரை எங்காவது இழுத்திருக்கிறார்களா என்று உளவு பார்க்கவே வந்தவள்போலச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். இரண்டாவது சீட்டைப் படித்ததும் மூச்சு சீரானது. முதல் அச்சின் பக்கம் திரும்பினாள்.

"பார்த்தியா? முதல்ல யாரை வச்சிருக்காங்கன்னு பார்த்துக்கோ," என்றாள் மகளிடம். மெதுவாகச் சொல்லும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. "அங்கேருந்து வந்ததுதான் எல்லாம். நமக்கு ஒண்ணும் இல்ல."

அம்மா மூன்றடி தள்ளி நின்றிருந்தாள். சின்னவள் அத்தையை நோக்கி நடந்தாள். வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் அப்பா அவளைத் தாண்டிப் போய்விட்டார்.

"அக்கா, அது இல்ல. இங்க பாரு," என்றார். தன் அச்சின் தோளில் கை வைத்தார். "இது யாருன்னு தெரியுதா?"

"யாரோ ஆம்பளை. எனக்கென்னடா?"

"நான்தான்."

"டேய், வாயை மூடு."

"மூடித்தான் வச்சிருந்தேன்." கூடம் முழுக்கக் கேட்டது. நாற்பது பேரும் பேச்சை நிறுத்தினார்கள். "என்கிட்ட இருந்துதான் என் பொண்ணுங்களுக்குப் போச்சு. அவங்க அம்மாகிட்ட எதுவும் இல்ல. நம்ம தங்கச்சிக்கு வந்ததும் இதுதான், வயித்துப்புண்ணு இல்ல. உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிஞ்சுகிட்டே அன்னைக்கு இவளைப் பலி குடுத்துட்டு நின்னேன். என்னை மாதிரி ஒரு கோழையைப் பார்க்க முடியாது." மகளைத் திரும்பிப் பார்த்தார். "அந்தச் சீட்டை எடும்மா."

சின்னவள் எடுத்தாள் என்று சொல்ல முடியாது, பிய்த்தாள். காதில் செருகியிருந்த பென்சிலால் வெள்ளைச் சுவரிலேயே 'அப்பா, வயது 70' என்று எழுதினாள். சுருட்டைமுடிக்காரி சுவர் கெடுகிறதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அத்தை உட்கார இடம் தேடினாள். பெஞ்சில் உட்கார்ந்ததும் சுருங்கிப்போய்த் தெரிந்தாள். அம்மா அவள் எதிரில் போய் நின்றாள்.

"அண்ணி, அன்னைக்கு அறுபது பேர் முன்னாடி சொன்னீங்க. இங்க நாப்பது பேர்தான் இருக்காங்க. பரவாயில்ல, சொல்லுங்க. என் ரத்தமா?"

"என் பொண்ணுக்கு வந்துடக்கூடாதுன்னுதான்..." அத்தையால் முடிக்க முடியவில்லை. "வேற யார் பக்கமாவது தள்ளிவிட்டா இவகிட்ட வராதுன்னு நினைச்சேன்."

"நானும் பொண்ணு பெத்தவதான்."

அத்தை அழுதாள். அம்மா அவள் கையைப் பிடிக்கவில்லை, தோளைத் தட்டவில்லை. "மன்னிப்பெல்லாம் பொறுமையா கேளுங்க, நான் ஒண்ணும் மறக்கப் போறதில்ல. முதல்ல உங்க பொண்ணைப் பாருங்க," என்றாள்.

அத்தை மகள் அந்த இரண்டாவது அச்சுக்கு முன்னாலேயே நின்றிருந்தாள். அவள் பயத்தில் போய்விடவில்லை. நேராகத்தான் நின்றாள். குரல் மட்டும் சற்றுக் கம்மியது.

"மாமா, நானும் போய்ப் பார்க்கணுமா?"

"பார்க்கணும்."

"நீங்க கூட வருவீங்களா? என்னைக்குப் போகலாம்?"

அப்பா பழக்கதோஷத்தில் அக்காவைப் பார்க்கத் திரும்பினார், பாதியில் நிறுத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்தார்.

"என்னை எதுக்குப் பார்க்கறீங்க?" என்றாள் அம்மா, அவரிடமே, ஆறு வாரத்தில் முதல் தடவையாக. "நாளைக்குன்னு சொல்லுங்க."

"நாளைக்கு," என்றார் அப்பா.